தேள் வளர்ப்பவருக்கு வேலை மண்ணோடுதான்

என் வீட்டில் தேள் இருக்கிறது என்று தெரிந்ததும் உறவினர்கள் முதலில் கேட்பது, அது கொட்டாதா என்று. அடுத்துக் கேட்பது, அதை எத்தனை லட்சத்துக்கு விற்கலாம் என்று. முதல் கேள்வி நியாயமானது, அதைப் பிறகு பார்க்கலாம். இரண்டாவது கேள்விதான் சலிப்பூட்டுகிறது. தேள் விஷம் ஒரு லிட்டர் இத்தனை கோடி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பல ஆண்டுகளாகச் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது முழுப் பொய்யும் இல்லை. ஆய்வுக்கூடங்கள் சில இனங்களின் விஷத்தை மில்லிகிராம் அளவில் நல்ல விலை கொடுத்து வாங்குகின்றன. அந்த விலையை யாரோ ஒரு புண்ணியவான் லிட்டரால் பெருக்கிவிட்டார். ஒரு தேளைக் கறந்தால் கிடைப்பது ஒரு சொட்டுக்கும் குறைவு. லிட்டர் கணக்கில் வாங்குவதற்கு உலகத்தில் ஆளும் இல்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்த வதந்தியை நம்பி மக்கள் கூட்டம் கூட்டமாக இரவில் டார்ச்சோடு கருந்தேள் வேட்டைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். தேளின் எடை கூடக் கூட விலையும் கூடும், கார் வாங்கும் அளவுக்குப் பணம் கிடைக்கும் என்பது பேச்சு. தரகர்கள் சம்பாதித்திருக்கலாம். பிடித்தவர்கள் கார் வாங்கியதாகத் தெரியவில்லை.

என்னிடம் இருப்பது எம்பரர் தேள். அறிவியல் பெயர் பாண்டினஸ் இம்பரேட்டர். கானா, டோகோ, நைஜீரியா என்று மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளும் புல்வெளிகளும் அதன் ஊர். கறையான் புற்றுகளிலும், விழுந்த மரங்களின் அடியிலும், தானே தோண்டிய வளையிலும் வாழும். நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 20 சென்டிமீட்டர் வரை வரும். கன்னங்கரிய உடம்பில் வெளிச்சம் பட்டால் ஒரு பச்சைச் சாயல் தெரியும். நான் வசிக்கும் லெஸ்டர் போன்ற இங்கிலாந்து நகரங்களில் பல்லியும் பாம்பும் விற்கும் கடைகளில் இதுவும் விற்பனைக்கு வரும். நான் கடையில் வாங்கவில்லை. ஊர் மாறிப் போகிற ஒரு வளர்ப்பாளர் தன்னுடையதை ஒப்படைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெட்டி, மண், தேள் எல்லாம் ஒன்றாக என் வீட்டுக்கு வந்துவிட்டன.

அதிலிருந்து நான் தேளைப் பார்த்துக்கொண்ட நேரத்தைவிட அதன் மண்ணைப் பார்த்துக்கொண்ட நேரம்தான் அதிகம். தேள் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விலங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எதைத் தின்னும், ஆணா பெண்ணா, கையில் எடுக்கலாமா. அந்த விலங்கோ பெரும்பாலான நாட்களில் வெளியே தலை காட்டுவதே இல்லை. அதற்கு நம்மிடம் வேண்டியது சரியான ஈரமும் சரியான சூடும் கொண்ட ஒரு மண் படுகை. அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் எட்டு ஆண்டுகள் வரைகூட வாழும். ஒதுங்கத் தெரியாதவர்கள் நாய் வளர்க்கலாம்.

போன கோடையில் அத்தை, என் கணவரின் அம்மா, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். பெட்டியைத் துணி போட்டு மறைத்து வைக்கலாமா என்று நாங்கள் இருவரும் கூடிப் பேசினோம். தேவையே இருக்கவில்லை. வந்த இரண்டாவது நாள் இரவே அது வெளியே வந்து தண்ணீர்த் தட்டின் அருகே நின்றது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, இது நட்டுவாக்காலி அல்லவா?”

“ஆமாம் அத்தை, அந்த வகைதான். ஆப்பிரிக்காவில் இருப்பது.”

“விறகுக் கட்டைப் புரட்டினால் தானாக வரும். இதற்கு மின்சார அடுப்பு வேறா?”

அவர் சொன்னது சரி. நம் ஊர் நட்டுவாக்காலியும் இந்த எம்பரர் தேளும் ஸ்கார்பியோனிடே என்ற ஒரே குடும்பம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நட்டுவாக்காலிகள் எல்லாம் ஹெட்டரோமெட்ரஸ் என்ற ஒரே பேரினத்தில் வெகுகாலம் இருந்தன. 2020இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லொரென்ஸோ பிரெண்டினியும் ஸ்டெஃபனி லோரியாவும் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். சஹ்யாத்ரிமெட்ரஸ், டெக்கனோமெட்ரஸ், ஸ்ரீலங்காமெட்ரஸ் என்று பல பெயர்கள் ஊர்ப் பெயர்களாகவே அமைந்தன. அவற்றில் ஜைகாண்டோமெட்ரஸ் ஸ்வாமர்டாமி என்பது தென்னிந்தியாவில் வாழ்கிறது. உலகின் மிகப் பெரிய தேள் எது என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லப்படுவது இந்தப் பெயர்தான். 23 சென்டிமீட்டர் வரை. எங்கள் அத்தை சிறுவயதில் துடைப்பத்தால் தள்ளிவிட்டது அதையாகவும் இருந்திருக்கலாம். செல்லப்பிராணிச் சந்தையில் மட்டும் ஆப்பிரிக்கத் தேளுக்குத்தான் பேரரசர் பட்டம்.

இனி மண்.

கண்ணாடிப் பெட்டியில் ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் மண் வேண்டும், ஏனென்றால் தோண்டுவது இதன் பிழைப்பு. பெரும்பாலானோர் போடுவது தேங்காய் நார்த்தூள். செங்கல் போல இறுக்கிய கட்டியாகக் கடையில் விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும். கட்டியின் உறையைத் திருப்பிப் பார்த்தால் இலங்கை என்றோ இந்தியா என்றோ இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து நார், இங்கிலாந்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியில், ஆப்பிரிக்கத் தேளின் காலடியில் கிடக்கிறது. வெறும் நார்த்தூள் காய்ந்தால் பொலபொலவென்று உதிரும். வளை நிற்காமல் சரிந்துவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்கு உரம் கலக்காத தோட்ட மண்ணைச் சேர்த்துக் கையால் அமுக்கி வைக்கிறேன். கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும்; பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரப்பதம் அளக்கும் வட்ட முள் கருவிகளை நான் நம்புவதில்லை. அவை காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் நிலைமைக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது போதும். விரலை விடுமுன் தேள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

புதிதாக வளர்ப்பவர்கள் நாள்தோறும் தண்ணீர் தெளிக்கிறார்கள். புத்தகங்களில் எழுபது முதல் எண்பது விழுக்காடு ஈரப்பதம் என்று போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டுத் தெளிப்பான் பாட்டிலோடு நிற்பார்கள். மேற்பரப்பு சொதசொதவென்று நனையும், கண்ணாடியில் நீர் கோத்து வழியும், அடிமண்ணோ காய்ந்தே கிடக்கும். காட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. மழை விட்டு ஒரு வாரம் ஆனால் மேல்மண் காய்ந்துவிடும், ஒரு முழம் தோண்டினால் ஈரம் இருக்கும். தேள் அந்த ஈரத்தைத் தேடித்தான் கீழே போகிறது. ஆகவே தெளிப்பதில்லை, ஊற்றுகிறேன். பெட்டியின் ஒரு மூலையில், கண்ணாடியை ஒட்டி, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அது அடிக்கு இறங்கிப் பரவும். மேலே காய்ச்சல், கீழே பாய்ச்சல். எதிர்மூலையை உலரவே விடுகிறேன். நனைந்த பக்கம் வேண்டுமா, உலர்ந்த பக்கம் வேண்டுமா என்பதைத் தேளே முடிவு செய்யட்டும். அது ஒரே பக்கத்தில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபக்கத்தில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஈரம் அதிகமானாலும் ஆபத்து. காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் பூஞ்சை வரும். உண்ணி போன்ற நுண்பூச்சிகள் தேளின் கால் மூட்டுகளிலும் வாயருகிலும் அடையடையாக ஒட்டிக்கொள்ளும். தேளின் வயிற்றுப் பக்கம் நான்கு இணை சிறு துளைகள் இருக்கின்றன. அவைதாம் அதன் மூச்சு வாசல்; உள்ளே ஏடுகளை அடுக்கியது போன்ற புத்தக நுரையீரல்கள். சேற்றில் படுத்துக் கிடக்க வைத்தால் அந்த வாசல்கள் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். பூஞ்சைக்கு நான் மருந்து எதுவும் போடுவதில்லை. ஸ்பிரிங்டெயில் என்று ஒரு பூச்சி, எள்ளில் பத்தில் ஒரு பங்கு இருக்கும், வெள்ளையாகத் துள்ளும். அதை ஒரு டப்பி வாங்கி மண்ணில் கொட்டிவிட்டால் பூஞ்சையைத் தின்றே பெருகும். கூடவே தோட்டத்தில் கல்லுக்கடியில் ஓடும் சாம்பல் நிற ஓட்டுப்பூச்சிகளும் கொஞ்சம். தேள் தின்று போட்ட மிச்சத்தை அவை பார்த்துக்கொள்கின்றன. இப்படி அமைந்துவிட்டால் மண்ணை முழுதாக மாற்ற வேண்டியதே இல்லை. மண் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நல்ல காட்டு மண்ணின் வாசம் வரும். புளித்த நாற்றம் வந்தால் ஏதோ அழுகுகிறது என்று பொருள்.

சூட்டில்தான் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை. எம்பரர் தேளுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சுகம். லெஸ்டரின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் இரவில் அது கிடைக்காது. அதற்காக விற்கப்படுவது மெல்லிய சூட்டு விரிப்பு. சில வாட் மின்சாரம்தான் இழுக்கும், அத்தை நினைத்தது போல அடுப்பு இல்லை. அதைப் பெட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது தவறு. வெயில் ஏறினால் தேள் என்ன செய்யும்? தோண்டிக் கீழே போகும். கீழே போகப் போகக் குளிர்ச்சி என்பது பல கோடி ஆண்டுப் பழக்கம். அடியில் விரிப்பை வைத்தால் கீழே போகப் போகச் சூடு. தப்பிக்கத் தோண்டும், தோண்டத் தோண்ட வேகும். ஈரமும் அடியிலிருந்தே ஆவியாகிப் போகும். விரிப்பைப் பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மண் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். ஒரு பக்கமாக மட்டும். சூடு அளவை மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த விரிப்பையும் செருகக் கூடாது. மேலிருந்து அடிக்கும் வெப்ப விளக்கு இரவில் உலவும் பிராணிக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும். தேளின் கண்கள் பெயருக்குத்தான். முதுகின் நடுவில் ஒரு ஜோடி, முன் ஓரங்களில் சில சிறு கண்கள். வெளிச்சம் இருட்டு தெரியும், உருவம் அவ்வளவாகத் தெரியாது. அது உலகத்தைக் கால்களால் அறிகிறது. 1970களில் பிலிப் பிரவுனல் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் மணல் தேள்களை வைத்து இதைக் காட்டினார். மணலுக்குள் புதைந்து நகரும் பூச்சியின் அதிர்வு எந்தக் காலை முதலில் தொடுகிறது என்பதைக் கொண்டே தேள் அதன் திசையைக் கண்டுபிடிக்கிறது. இடுக்கிக் கைகளில் நிற்கும் மெல்லிய மயிர்கள் காற்றின் அசைவை உணர்கின்றன. வயிற்றுக்கடியில் இருக்கும் சீப்பு வடிவ உறுப்புகள் நடக்கும்போதே தரையைத் தடவிச் சுவை பார்த்துக்கொண்டு போகின்றன. இப்படிப்பட்ட பிராணியைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி மேலேயும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடியில், யாரும் அதிகம் நடக்காத ஒரு சிறிய அறையில், சுவரோடு பொருத்திய பலகையில் இருக்கிறது. மூடிக்குப் பூட்டு உண்டு. தேளால் கண்ணாடியில் ஏற முடியாது என்பது உண்மைதான். ஆனால் மூலைகளில் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் பசையைப் பிடித்துக்கொண்டு ஏறும். மரப்பட்டையின் மேல் வாலை ஊன்றி எழும்பி விளிம்பை எட்டும்.

சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வளர்ந்த தேளுக்கு வாரம் ஒன்றோ, பத்து நாளைக்கு ஒன்றோ, ஒரு பெரிய சுவர்க்கோழி அல்லது தூபியா கரப்பான். மாதக்கணக்கில் தின்னாமலும் கிடக்கும், பதற வேண்டாம். வயிற்றுத் தட்டுகளுக்கு இடையே தோல் விரிந்து உப்பித் தெரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. இரையைக் கொட்டுவது அபூர்வம். அந்தத் தடித்த இடுக்கியால் நசுக்கியே முடித்துவிடும். பிறகு வாயருகே வைத்துச் செரிமான நீரைக் கக்கி, கரைந்ததை உறிஞ்சும். மணிக்கணக்கில் நடக்கும் விருந்து அது. கடைசியில் மிஞ்சுவது கோலிக்குண்டளவு ஓட்டுத் துணுக்கு. தின்னாத இரையை மறுநாளே எடுத்துவிடுகிறேன்.

உண்மையில் தொல்லை தேள் அல்ல, சுவர்க்கோழிகள்தாம். அவற்றுக்குத் தனி டப்பா, தனித் தீவனம், கேரட் துண்டு, முட்டை அட்டை எல்லாம் வேண்டும். நாறும். ஒன்றையொன்று தின்னும். தப்பி ஓடும். ஓடிய ஒன்று எங்கள் குளிர்பெட்டிக்குப் பின்னால் குடியேறி இரவெல்லாம் கத்தியது. அம்பாசமுத்திரத்து இரவு போல இருக்கிறது என்று அத்தை மகிழ்ந்தார். மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய என் கணவர் மகிழவில்லை. அதன்பின் கரப்பானுக்கு மாறினோம். தூபியா கத்தாது, வழவழப்பான சுவரில் ஏறாது. மாமியார் வந்திருக்கும் வீட்டில் வேண்டுமென்றே கரப்பான் வளர்ப்பது என்பது தேள் வளர்ப்பதைவிடத் துணிச்சலான காரியம்.

கொட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கொட்டும். கொடுக்கு இருக்கும் எதுவும் கொட்டும். எம்பரர் தேளின் கொட்டு தேனீக் கொட்டு அளவுக்கு வலிக்கும் என்பார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே பெரிய விஷயமாகலாம். தடித்த இடுக்கியும் மெலிந்த வாலும் இருந்தால் பெரும்பாலும் விஷம் குறைவு, மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் இருந்தால் விலகி நில் என்று வளர்ப்பாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் மோசமான கணக்கில்லை. தேளுக்கு அதிகாரம் சேர்ந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் கொட்டும் என்று நம் பழமொழி சொல்கிறது. இந்தப் பெரிய தேளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. விஷத்தைத் திரும்பச் சுரக்க உடம்புக்குச் செலவாகிறது. இடுக்கியால் ஆகிற வேலைக்கு அது கொடுக்கைத் தூக்குவதில்லை. குட்டிகள்தாம் எதற்கெடுத்தாலும் கொட்டப் பார்க்கும், அவற்றின் இடுக்கிக்கு வலு இல்லை.

அப்படியானால் கையில் எடுக்கலாமா? நான் எடுப்பதில்லை. கொட்டும் என்ற பயம் இரண்டாவது காரணம். முதல் காரணம், அது கீழே விழும். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால் வயிற்றின் மெல்லிய பகுதி பிளந்துவிடும். பிளந்தால் பிழைப்பது அரிது. உள்ளங்கையில் தேளோடு சிரிக்கும் படங்களில் தேளுக்கு என்ன கிடைக்கிறது என்று யோசிக்கிறேன். அதற்கு நம் கை என்பது சூடான, நிலையில்லாத, மறைவிடம் இல்லாத ஒரு தரை. அது பழகிவிட்டது என்று சொல்வார்கள்; அசையாமல் இருப்பதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வது நம் ஆசை. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது இடம் மாற்ற வேண்டி வந்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுக்கிறேன். நீளமான சாமணம் ஒன்றும் உண்டு. அது இரை வைக்கத்தான்.

பார்ப்பதற்குப் புற ஊதா டார்ச் போதும். இருட்டில் அந்த ஒளி பட்டதும் கரிய தேள் நீலப்பச்சையாக ஒளிரும். மேல்தோலில் இருக்கும் பீட்டா கார்போலின் போன்ற பொருள்கள் அதற்குக் காரணம். எதற்காக ஒளிர்கிறது என்பதில் இன்னும் ஒரு முடிவு இல்லை. உடம்பு முழுவதுமே வெளிச்சத்தை உணரும் ஒரு கண் போல வேலை செய்கிறது, மறைவுக்குள் இருக்கிறோமா இல்லையா என்று தேள் அதைக் கொண்டு தெரிந்துகொள்கிறது என்பது ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் காஃபின் முன்வைத்த கருத்து. அது சரியென்றால் நாம் அடிக்கும் டார்ச் அதற்கு நடுப்பகல். சில விநாடி போதும். மற்ற நேரத்தில் மங்கலான சிவப்பு விளக்கில் பார்க்கிறேன். அது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

வந்த மறு ஆண்டு ஒரு காலையில் அதன் முதுகு வெள்ளையாக இருந்தது. பூஞ்சை என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த வெள்ளை நகர்ந்தது. குட்டிகள்! தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். எம்பரர் தேளின் கர்ப்பம் ஏழெட்டு மாதத்துக்கும் மேல் நீளும் என்பதால், முந்தைய வீட்டிலேயே ஆணோடு சேர்ந்திருக்க வேண்டும். அரிசிமாவில் செய்தவை போலிருந்த அந்தக் குட்டிகள் அம்மாவின் முதுகிலேயே கிடந்து, முதல் தோலை உரித்த பிறகுதான் இறங்கின. அதுவரை நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த அறைக்குள் போகாமல் இருந்தது. தாயைத் தொந்தரவு செய்தால் குட்டிகளைத் தின்றுவிடும். தனியாக விட்டால் நல்ல தாய். எம்பரர் தேள் தான் கொன்ற இரையைக் குட்டிகளோடு பகிர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; நானும் ஒரு கரப்பானைச் சுற்றி அவை மொய்த்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

குட்டி வளர்வது தோலுரிப்பால்தான். வளர்ந்து பெரிதாவதற்குள் ஏழு முறை அளவில் உரிக்கும். பழைய ஓட்டின் முன்பக்கம் திறந்துகொள்ளும். அதன் வழியே இடுக்கி, கால், வால் எல்லாவற்றையும் உருவி எடுத்து வெளியே வர வேண்டும். மண் காய்ந்திருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். நாம் உதவப் போனால் கால் கையோடு வந்துவிடும். இந்த இடத்தில்தான் அத்தனை மாதங்கள் மண்ணோடு பட்ட பாடு பலிக்கிறது அல்லது பலிக்காமல் போகிறது. புதிதாக உரித்த தேள் வெளிறி, பஞ்சாக இருக்கும். புற ஊதா விளக்கில் ஒளிராது. ஓடு இறுகி வரும்போதுதான் ஒளி வரும். அந்த நாட்களில் இரையை உள்ளே விடக் கூடாது, சுவர்க்கோழியே தேளைக் கடித்துத் தின்றுவிடும்.

குட்டிகளுக்கு வீடு தேடும்போது சட்டம் வந்து நிற்கிறது. இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டப்படி, கொடிய விஷத் தேள்கள் அடங்கிய பூத்திடே குடும்பத்துத் தேள்களை வளர்க்க உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து பார்ப்பார், காப்பீடு எடுக்க வேண்டும். எம்பரர் தேளுக்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் 1995 முதல் அது, காட்டு உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செல்லப்பிராணி வணிகத்துக்காகக் காட்டிலிருந்து அளவில்லாமல் அள்ளிக்கொண்டு போனதால் வந்த கட்டுப்பாடு அது. ஒரு குட்டி பெரிதாக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும் என்னும்போது, காட்டில் அள்ளியதை ஈடுகட்டுவது அவ்வளவு எளிதல்ல. அதனால் யாராவது கேட்டால், காட்டில் பிடித்த பெரிய தேளை மலிவாக வாங்காதீர்கள், வீட்டில் பிறந்த குட்டியை வாங்கிப் பொறுமையாக வளருங்கள் என்கிறேன். என்னிடம் பிறந்தவை என்பதற்கான விவரத்தை எழுதி, குட்டியோடு கொடுத்து அனுப்புகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தோழி கேட்டாள். அங்கே தேள் வளர்ப்பதே சட்டவிரோதம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் சித்தி மகனுக்கும் இந்தக் கிறுக்கு தொற்றியிருக்கிறது. கல்லூரியில் படிக்கிறான். அக்கா, எனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்ஸ் பட்டியல் விலங்குகளையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. உயிரோடு வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆப்பிரிக்கத் தேளை மறந்துவிடு என்றேன். உள்ளூர் நட்டுவாக்காலியைப் பிடித்து வைக்கலாமே என்றான். அதற்கும் மனம் ஒப்பவில்லை. வெளியே அதற்கு மலையடிவார மண் முழுவதும் இருக்கிறது. அதை ஒரு பெட்டியில் அடைத்து, பிறகு ஈரம் போதுமா, சூடு போதுமா என்று கவலைப்படுவதற்கு என்ன தேவை? ஒரு புற ஊதா டார்ச் வாங்கிக்கொண்டு இருட்டிய பிறகு வெளியே போ, கணுக்கால் மூடிய பூட்ஸ் போட்டுக்கொள், எந்தப் பொந்திலும் கையை விடாதே, புரட்டிய கல்லை இருந்தபடியே வை என்று சொன்னேன்.

செந்தேளைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொன்னேன். ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்ற அந்தச் சிறிய செந்நிறத் தேள் மெலிந்த இடுக்கி, தடித்த வால் வகையைச் சேர்ந்தது. உலகின் ஆபத்தான தேள்களில் ஒன்று. அதன் விஷம் நரம்புகளை முடுக்கி, இதயத்தைத் தாக்கி, நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், 1980களில் பிரசோசின் என்ற இரத்த அழுத்த மாத்திரையை இதற்குக் கொடுத்துப் பார்த்தார். கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செந்தேள் கொட்டினால் கட்டுப் போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போகாமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். அத்தை ஊரில் மந்திரிப்பவர்கள் பிழைக்க வைத்ததாகச் சொல்லப்படுவதெல்லாம் நட்டுவாக்காலி கொட்டியதாகத்தான் இருக்கும். அது மந்திரிக்காவிட்டாலும் சரியாகிவிடும்.

அவன் டார்ச் வாங்கிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்சுவரில் முதல் இரவே இரண்டு கிடைத்திருக்கின்றன. விரற்கடை நீளம்தான். படம் அனுப்பி, என்ன இனம் என்று சொல்லுங்கள் அக்கா என்று விடாமல் கேட்கிறான். நீலமாக ஒளிரும் ஒரு மங்கலான படத்தை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. அடிவயிற்றின் சீப்பில் எத்தனை பற்கள் என்று எண்ண வேண்டும், இடுக்கியின் மயிர்க்குழிகளைப் பார்க்க வேண்டும். பிடிக்காமல் ஒரு கண்ணாடித் தட்டில் நடக்கவிட்டு அடியிலிருந்து படம் எடுத்தால் ஓரளவு தெரியும் என்று எழுதியிருக்கிறேன். கீழேயே, சாதாரண வெளிச்சத்தில் நிறம் சிவப்பாகத் தெரிந்தால் தட்டும் வேண்டாம், படமும் வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினேன்.